பழனி மலையில் கிராவல் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானலுக்கு மேற்கே மேல்மலைக் கிராமங்களிலும் கிழக்கே கீழ்மலையிலும் சைக்கிள் ஓட்டுகிறவன் என்பதால், மதுரை, திண்டுக்கல், கோவை நண்பர்கள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எளியவை முதலில், சட்டமும் காடும் கலந்த சிக்கலானவை பின்னால். எதை விட்டாலும் இறக்கம் பற்றிய பதிலையும் காட்டுமாடு பற்றிய பதிலையும் படிக்காமல் மலை ஏற வேண்டாம்.

கிராவல் சைக்கிள் என்றால் என்ன? அது ரோடு சைக்கிளா, மவுண்டன் பைக்கா?

இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ரோடு சைக்கிளைப் போல வளைந்த ஹேண்டில்பார் இருக்கும். ஆனால் டயர் 38 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலமானது, பிரேக் டிஸ்க் வகை, ஏற்றத்துக்கான இலகுவான கியர்கள் உண்டு. பெரும்பாலானவற்றில் சஸ்பென்ஷன் கிடையாது. டயரில் உள்ள காற்றுதான் அதிர்வை வாங்கிக்கொள்கிறது.

பழனி மலைக்கு இது பொருந்துவதற்குக் காரணம் இங்குள்ள தரை. ஒரே காலையில் நல்ல தார்ச்சாலை, தார் பெயர்ந்து ஜல்லி பல்லிளிக்கும் ஊராட்சிச் சாலை, தோட்டங்களுக்கு இறங்கும் செம்மண் பாதை என மூன்றையும் கடக்க வேண்டியிருக்கும். ரோடு சைக்கிள் இரண்டாவதிலேயே தவிக்கும். மவுண்டன் பைக் மூன்றிலும் போகும், தார்ச்சாலை ஏற்றத்தில் மட்டும் கால் கனக்கும்.

என்னிடம் சாதாரண கியர் சைக்கிள்தான் இருக்கிறது. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். ஃபிரேமில் இடம் இருந்தால் 40 மில்லிமீட்டர் டயர் மாட்டுங்கள், பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போடுங்கள், பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரம் உள்ள தொகுதிக்கு மாறுங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பூம்பாறைக்குப் போய்த் திரும்பப் போதும். வாங்கிய பிறகு ஓட்டலாம் என்று காத்திருப்பதைவிட, ஓட்டிப் பார்த்த பிறகு எது தேவை என்று முடிவு செய்வதுதான் நல்லது. ஏரிக்கரையில் வாடகைக்குக் கிடைக்கும் சைக்கிள்களை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். ஏரியைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சமதளச் சாலைக்கானவை அவை.

அண்ணா, நான் மதுரையில் சமதளத்தில் ஓட்டிப் பழகியவன். கொடைக்கானல் ஏற்றம் என்னால் முடியுமா?

கியர் சரியாக இருந்தால் முடியும். ஒரு கணக்குச் சொல்கிறேன். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள ரோடு சைக்கிளில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர் வேகம் வரும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டே போவது பயிற்சி பெற்றவருக்கே பாடு. முன்னால் 30, பின்னால் 42 பல் இருந்தால் அதே மிதிக்கு வேகம் 5 கிலோமீட்டர் சொச்சம்தான். மூச்சு வாங்காமல், முழங்கால் நோகாமல் ஏறலாம். வேகம் குறைவதைப் பற்றி வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உயரத்தையும் கணக்கில் எடுங்கள். கொடைக்கானல் 2100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வத்தலக்குண்டிலிருந்து சைக்கிளிலேயே ஏறி அன்றே மேல்மலைக்கும் போக நினைப்பவர்கள் உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் தடவை வண்டியில் சைக்கிளை ஏற்றி வாருங்கள், ஓர் இரவு தங்குங்கள், மறுநாள் காலை ஓட்டுங்கள்.

முதல் தடவைக்கு எந்தப் பாதை?

கொடைக்கானல் – பூம்பாறை. ஒரு பக்கம் இருபது கிலோமீட்டருக்குள். ஊரிலிருந்து சூரிய ஆய்வுக்கூடம் இருக்கும் மேட்டுப் பக்கம் ஏறி, பிறகு மேற்கே இறங்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடம் 2343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது அங்கேதான். சைக்கிளுக்குச் சம்பந்தமில்லாத செய்திதான், ஆனாலும் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் நினைத்துப் பார்க்கத் தக்கது.

பூம்பாறை சுமார் 1900 மீட்டர். படிக்கட்டு வயல்களும் மலைப்பூண்டும் குழந்தை வேலப்பர் கோயிலும் அந்த ஊரின் அடையாளம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். ஏறத்தாழ 400 மீட்டர் ஏறித்தான் வீடு வர வேண்டும். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று தள்ளிப் போகப் போக இந்தக் கடன் கூடும். பாதித் தெம்பு இருக்கும்போதே திரும்பிவிடுங்கள்.

பூம்பாறை பழகிவிட்டால் அடுத்தது மன்னவனூர். புல்வெளியும் ஏரியும் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் இருக்கும் ஊர். வழியில் கூக்காலுக்குப் பிரியும் சாலை இன்னும் அமைதியானது. என்னைக் கேட்டால் மேல்மலையிலேயே அழகானது அதுதான். ஊர்களுக்கு உள்ளேயும் வயல்களுக்கு இடையேயும் போகும் கிளைப்பாதைகளில்தான் கிராவல் சைக்கிளுக்கு உண்மையான வேலை.

பின்லாந்தில் ஏரிகளுக்கும் காட்டுக்கும் நடுவே மேட்டுப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் படங்களைப் பார்த்தேன். இங்கே அதே அனுபவம் கிடைக்குமா?

கண்ணுக்கு ஒற்றுமை உண்டு. நீர், பைன் மரம், மூடுபனி எல்லாம் இருக்கின்றன. ஆனால் பிறப்பே வேறு. தெற்குப் பின்லாந்தின் சால்பவுசெல்கா மேடுகள், ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்படலம் பின்வாங்கிய காலத்தில் அதன் விளிம்பில் குவிந்த மணலும் கூழாங்கல்லும். ஏரிகளுக்கு நடுவே நீளும் புன்காஹர்யு மேடு, பனிக்கு அடியில் ஓடிய ஆறு படியவைத்தது. நீர் உருட்டிய கல் என்பதால் முனை மழுங்கியிருக்கும். மழை பெய்தாலும் நீர் சட்டென்று உள்ளே இறங்கிவிடும்.

பழனி மலையைப் பனியாறு தொட்டதில்லை. இங்குள்ள பாறை சார்னோக்கைட், மிகப் பழையது, மிகக் கடினமானது. சாலையில் கொட்டும் ஜல்லி உடைத்த கல், விளிம்பு கத்தியாக இருக்கும். அதற்குமேல் களி கலந்த செம்மண். காய்ந்தால் புழுதி, நனைந்தால் வழுக்கல். வெளிநாட்டு வீடியோவில் பார்த்த மெல்லிய பக்கச்சுவர் டயரை இங்கே கொண்டுவந்தால் கிழியும். ஏரிகளும் அப்படித்தான். பனியாறு குடைந்த பள்ளங்கள் இங்கே இல்லாததால் நாம் பார்ப்பவை ஓடைகளை மறித்துக் கட்டியவை. கொடைக்கானல் ஏரியை 1863இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கட்டினார்.

இன்னொரு வேறுபாடு கல்லையும் நீரையும்விடப் பெரியது. பின்லாந்தில் யாருக்குச் சொந்தமான காடாக இருந்தாலும் நடந்தோ சைக்கிளிலோ போக எல்லாருக்கும் உரிமை உண்டு. நம் காப்புக்காட்டில் அந்த உரிமை இல்லை. இங்கே கிராவல் சைக்கிள் என்பது ஊரை ஊரோடு இணைக்கும் சாலைகளில் ஓட்டுவது, காட்டுக்குள் புகுவது அல்ல. பின்னால் வரும் பல பதில்கள் இதிலிருந்தே பிறக்கின்றன.

எந்த மாதம் வரலாம்?

ஜனவரி இரண்டாம் பாதி முதல் மார்ச் தொடக்கம் வரை தரை காய்ந்திருக்கும், வானம் தெளிவாக இருக்கும். ஜனவரி விடியலில் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி படியும். கையுறை இல்லாமல் பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது. ஏப்ரல், மே மாதங்களில் சீசன் கூட்டம். அப்போது சாலையில் கார்தான் ஆபத்து.

கொடைக்கானலுக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்றாலும் அக்டோபர், நவம்பரில்தான் கொட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கடற்கரையைத் தாண்டி இங்கேவரை வந்து மரங்களைச் சாய்த்துச் சாலைகளை அடைத்தது. அந்த மாதங்களில் வானிலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். எந்த மாதமானாலும் பிற்பகலில் மூடுபனி இறங்கும். காலை வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு மூன்று மணிக்குள் ஊர் சேருங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் பகலிலும் எரியட்டும்.

டயரில் எவ்வளவு காற்று? பஞ்சர் ஆனால் மேல்மலையில் கடை உண்டா?

70 கிலோ எடையுள்ளவர் 42 மில்லிமீட்டர் டயரில் முன்னால் 30, பின்னால் 34 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கிப் பார்க்கலாம். டியூப் உள்ளே இருந்தால் இன்னும் ஐந்து கூட்டுங்கள். இல்லையென்றால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பாம்பு கடித்தாற்போல இரட்டைத் துளை விழும்.

மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்கள் இருக்கலாம், உங்கள் டயர் அளவுக்கு டியூப் இருக்காது. டியூப் இல்லாத டயர் என்றாலும் கூடுதல் டியூப் இரண்டு, கைப்பம்ப், துளை அடைக்கும் ரப்பர் திரி, செயின் இணைப்பு ஒன்று, கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று எடுத்துச் செல்லுங்கள். பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே வைத்துச் சமாளிக்கப் பழைய டயர்த் துண்டு ஒன்றும் வேண்டும். மேலே சொன்ன உடைகல் கிழிப்பது பெரும்பாலும் பக்கச்சுவரைத்தான்.

இறக்கத்தில்தான் எனக்குப் பயம். எப்படி இறங்குவது?

பயப்படுவது சரி. ஏற்றத்தில் தோற்றால் இறங்கி நிற்கலாம், இறக்கத்தில் அந்த வசதி இல்லை. பிரேக்கைத் தொடர்ந்து உரசிக்கொண்டே இறங்காதீர்கள், சூடேறிப் பிடிமானம் குறையும். நேர்ப்பகுதியில் அழுத்தி வேகத்தைக் கொன்றுவிட்டு, சற்று விட்டு, மறுபடி அழுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். வளைவுக்குள் முன்பிரேக்கை அழுத்தினால் ஜல்லி மேல் முன்சக்கரம் வழுக்கும். கைகளை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் வையுங்கள், விரல் பிரேக்கை விட்டு அகலக் கூடாது. எடை பின்னால் இருக்கட்டும்.

உங்கள் பக்கத்திலேயே இருங்கள். ஏறி வரும் பஸ் வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழியில்லை. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு வரை இறங்கினால் உயரம் 1700 மீட்டருக்கு மேல் குறைகிறது. அந்த ஓர் இறக்கமே தேய்ந்த பிரேக் கட்டையைத் தீர்த்துவிடும். கட்டையின் கனத்தை முந்தின இரவே பாருங்கள். ரிம் பிரேக்கும் கார்பன் ரிம்மும் உள்ளவர்கள் இந்த இறக்கத்தைத் தவிர்ப்பது நல்லது.

காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்வது?

மேல்மலையிலும் கொடைக்கானல் ஊருக்குள்ளும் காட்டுமாடு அன்றாடக் காட்சி. வளர்ந்த காளை ஆயிரம் கிலோவை நெருங்கும். தானாக வந்து தாக்குவது அரிது, திடுக்கிட்டால்தான் ஆபத்து. சைக்கிளின் குறையே அதன் நிசப்தம். கார் வருவது விலங்குக்கு முன்பே தெரியும், நீங்கள் வளைவு திரும்பி மூக்கருகே வந்து நிற்பீர்கள். மறைவான ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் மணி அடியுங்கள் அல்லது குரல் கொடுங்கள்.

பார்த்துவிட்டால் நில்லுங்கள். சைக்கிளை விட்டு இறங்கி, அதை உங்களுக்கும் விலங்குக்கும் நடுவே பிடித்துக்கொண்டு மெல்லப் பின்வாங்குங்கள். சீறினாலோ தலையைத் தாழ்த்தினாலோ இன்னும் தள்ளிப் போங்கள். அது சாலையைக் கடக்கும்வரை காத்திருங்கள், அரை மணி நேரமானாலும் சரி. கன்றுக்கும் தாய்க்கும் நடுவே புகாதீர்கள், படம் எடுக்க நெருங்காதீர்கள். கீழ்மலையில் பெரும்பாறை, பாச்சலூர்ப் பக்கம் யானையும் உண்டு. யானை என்றால் காத்திருப்பதும் இல்லை, வந்த வழியே திரும்பிவிட வேண்டும். காலையில் கிளம்பும் முன் தேநீர்க் கடையில் கேளுங்கள். எந்த விலங்கு எங்கே நிற்கிறது என்று பால் ஊற்ற வருபவருக்குத் தெரிந்திருக்கும்.

தண்ணீர், சாப்பாடு எப்படி?

கொடைக்கானல் பகுதியில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குத் தடை இருக்கிறது. சைக்கிளில் மாட்டும் புட்டிகளை நிரப்பியே கிளம்புங்கள், ஊர்களில் தேநீர்க் கடையில் கேட்டு மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் குடிக்க வேண்டும். கடலை மிட்டாய், வாழைப்பழம் போதும். கீழ்மலைப் பக்கம் போனால் விருப்பாச்சி மலைவாழைப்பழம் கிடைக்கும், அதைவிட நல்ல சைக்கிள் உணவு எனக்குத் தெரியாது.

சைக்கிளுக்கு இ-பாஸ் வேண்டுமா? ரயிலில் கொண்டுவரலாமா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. பதிவெண்ணை வைத்துக் கொடுப்பது அது, ஆகவே சைக்கிளை ஏற்றிவரும் காருக்கு எடுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை வாகனங்கள் என்ற உச்சவரம்பும் இருப்பதால் வார இறுதிக்கு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

ரயிலில் வந்தால் கொடை ரோடு நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து கொடைக்கானல் சுமார் 80 கிலோமீட்டர். சைக்கிளை லக்கேஜாகப் பதிவு செய்து சரக்குப் பெட்டியில் அனுப்பலாம். பின்சக்கரக் கியரைக் கழற்றித் துணியில் சுற்றிக் கட்டுவது உங்கள் பொறுப்பு.

கீழ்மலை எஸ்டேட் பாதைகள் வெறுமனே கிடக்கின்றனவே, ஓட்டலாமா?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு சுற்றிலும் காப்பித் தோட்டப் பாதைகள் கிராவல் சைக்கிளுக்கென்றே போட்டதுபோல இருக்கும். நிழல், மிளகுக்கொடி, அளவான சரிவு. ஆனால் அவை தனியார் நிலம். கேட் திறந்திருப்பது அனுமதி ஆகாது. கேட்டால் பல இடங்களில் மறுக்கமாட்டார்கள். கேட்காமல் நுழைந்தால் அடுத்து வருகிற எல்லாருக்கும் கதவை அடைத்தவராவீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஆட்கள் சுமையோடு நடப்பார்கள், களத்தில் பழம் காயும். அப்போது ஊர்ச் சாலைகளிலேயே ஓட்டுங்கள்.

பேரிஜம் ஏரிக்குச் சைக்கிளில் போக முடியுமா?

பேரிஜம் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் போக முடியாது. நாள்தோறும் விடும் வாகனங்களுக்கு அளவு உண்டு, யானை நடமாட்டம் இருந்தால் முழுவதும் மூடிவிடுவார்கள். காருக்குக் கிடைத்த சீட்டு சைக்கிளுக்கும் செல்லும் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். சைக்கிளுக்கு என்று குறிப்பிட்டு வன அலுவலகத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுத்ததுதான். பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி அது, சுற்றிலும் சோலைக்காடு. கெடுபிடி இருப்பதால்தான் அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது என்பது என் எண்ணம்.

மூணாறுக்குப் போகும் பழைய சாலை வரைபடச் செயலியில் தெரிகிறதே. விடியற்காலையில் ஓட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. பேரிஜம், வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷன் பக்கம் போகும் அந்த ஆங்கிலேயர் காலத்துச் சாலை பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டது. இந்தப் பக்கம் 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம், அந்தப் பக்கம் கேரளத்தின் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செயலி கோட்டைத்தான் காட்டும், அது திறந்த கோடா மூடிய கோடா என்பதைக் காட்டாது. மேல்மலையின் கடைசி ஊரான கிளாவரையைத் தாண்டிய ஒற்றையடிப் பாதைகளுக்கும் இதே பதில்தான்.

சட்டத்தை விடுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதே மலைத்தொடர்ப் பக்கம், நான் மேலே நல்ல மாதம் என்று சொன்ன அதே காய்ந்த காலம். புல்வெளித் தீ ஏறும் வேகத்துக்குச் சைக்கிள் ஈடுகொடுக்காது. கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. நீங்கள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது என்பது அப்போது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

தனியாக ஓட்டலாமா?

ஊர்ச் சாலைகளில் ஓட்டலாம். பெண்கள் தனியாக ஓட்டுவதையும் மேல்மலைக்காரர்கள் அக்கறையோடுதான் பார்க்கிறார்கள், வழியில் நிறுத்தி விசாரிப்பார்கள், அவ்வளவுதான். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தங்குமிடத்தில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சைக்கிள் நடுவழியில் படுத்துவிட்டால் கொடைக்கானலுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டிகளில் இடம் கேட்கலாம்.

வனத்துறைக் காவலர் (வாட்சர்) ஒருவரே "போங்க சார், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால்?

அப்படிச் சொன்னதாகச் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். வாய்வார்த்தை அனுமதி ஆகாது. அனுமதி கொடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை, மாவட்ட வன அலுவலகத்தில் இருக்கிறது. உள்ளே ஏதாவது நடந்தால் உங்கள் மேல் வழக்கு வரும். குறைந்த கூலிக்குக் காடு காக்கும் அந்த மனிதருக்கு வேலையே போகும். அவர் மறுக்கச் சங்கடப்பட்டுச் சொல்லியிருக்கலாம், பணம் நீட்டியதால் சொல்லியிருக்கலாம். பேரிஜத்துக்குச் சொன்னதுபோலவே தேதி, பாதை, ஆட்களின் பெயர், சைக்கிள் என்ற சொல் எல்லாம் இருக்கும் தாள் கையில் இருந்தால் மட்டும் தடுப்பைத் தாண்டுங்கள். இல்லையென்றால் சைக்கிளைத் திருப்புங்கள், கூக்கால் சாலை திறந்தேதான் இருக்கிறது.